ஆழாக்கு அரிசியும் தனி அடுப்பும்

தனியாக இருப்பவரின் அடுப்படியில் உலை கொதிக்கும் முன்பே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: ஒற்றை ஆளுக்கு எதற்கு இத்தனை பாடு? கேட்பவர் அடுப்பின் முன் நிற்பவரேதான். நாலு பேருக்கென்றால் யோசிக்காமல் புளியை ஊறவைத்து, தேங்காயை உடைத்து, அம்மியைக் கழுவிவிடும் கை, தனக்கென்று வரும்போது தயங்கி நிற்கிறது. பழைய சோற்றில் மோரை ஊற்றி இரண்டு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டால் அந்த வேளை தீர்ந்துவிடும். அதில் குறையொன்றும் இல்லை. புதுக்கோட்டைச் சீமையின் சித்திரை வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு கிடையாது. ஆனால் அதே மோர்ச்சோறு, வேறெதுவும் தோன்றாத ஒரே காரணத்தால் நாள்தோறும் தட்டில் விழத் தொடங்கும்போது, சாப்பிடுபவருக்குள் ஏதோ ஒன்று சுருங்க ஆரம்பிக்கிறது. திருமயத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இப்படித் தனியே உலை வைப்பவர்கள் பலர். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, வீட்டைப் பூட்ட மனமில்லாமல் தங்கிவிட்ட முதியவர்கள். மாற்றலாகி வந்து மாடியறையில் குடியிருக்கும் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள். எங்கோ வாழும் ஒரு குடும்பத்தின் பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டு அதன் பின்கட்டில் படுத்துறங்குபவர்கள். இவர்களிடம் புதிதாக எதையாவது செய்து பாருங்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் செய்முறைக்குப் பஞ்சமே இல்லாத வட்டாரம் இது. வெள்ளைப் பணியாரம், பால் பணியாரம், கருப்பட்டிப் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம் என்று எல்லாம் தெரிந்த கைகள்தான் சும்மா இருக்கின்றன. தேட வேண்டியது சமைக்கும் ஆசையின் ஊற்றை. தனிமையில் அது ஏன் வற்றுகிறது என்பதை.

இந்தக் கேள்விக்கு அந்த வட்டாரத்திலேயே பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. திருமயம், 1687-இல் இராமநாதபுரம் சேதுபதி எழுப்பிய கோட்டையும், ஒரே குன்றில் அடுத்தடுத்துக் குடைந்த சிவன், பெருமாள் கோயில்களும் உள்ள ஊர். அதைச் சுற்றிக் கடியாபட்டி, இராயவரம், அரிமளம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, பனையப்பட்டி, குழிபிறை, விராச்சிலை என்று வணிகச் சமூகமான நாட்டுக்கோட்டை நகரத்தாரின் ஊர்கள். நகரத்தாரிடம் மகனுக்குக் கல்யாணமானால் ‘வேறு வைப்பது’ வழக்கம். வீடு ஒன்று, தலைவாசல் ஒன்று, சாமி கும்பிடும் இடம் ஒன்று. அடுப்பு மட்டும் தனித்தனி. கல்யாணமான ஒவ்வொரு இணையும் ஒரு புள்ளி. வளவு எனப்படும் நடுமுற்றத்தைச் சுற்றி அந்தப் புள்ளிக்கென்று அறைகள் ஒதுக்கியிருக்கும். பின்கட்டில் அதற்கென்று அடுப்பு எரியும். ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று குடும்பத் தலைவர் அளந்து கொடுத்துவிடுவார். அண்டாவிலிருந்து தாளிப்புக் கரண்டிவரை பாத்திரங்கள் எல்லாம் பெண்ணின் சீரிலேயே வந்து இறங்கியிருக்கும். கூட்டுக் குடும்பம் என்றதும் ஒரே பானையில் கொதிக்கும் ஐம்பது பேர் சோற்றை நினைத்துக்கொள்பவர்களுக்கு இது புதிராக இருக்கலாம். சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையில் கோவலனின் தாய், மகனையும் மருமகளையும் தனி இல்லறத்தில் அமர்த்துகிறாள். நகரத்தார் தம் வழக்கத்தின் வேரை அங்கே காட்டுவதுண்டு. அந்த வேர் எவ்வளவு ஆழம் என்பது வேறு விஷயம். சமையலைப் பற்றி யோசிப்பவருக்கு முக்கியமானது, ஒரு பெரிய வீட்டுக்குள் சின்னச் சின்ன அடுப்புகள் பல தலைமுறைகளாக முறையாக எரிந்தன என்பதே. குறைந்த அளவில் சமைப்பது அங்கே கதியற்றவர் பாடாக இருக்கவில்லை. அதற்கென்று இடமும் படியும் பாத்திரமும் இருந்தன. ஏட்டில் பற்றெழுதக் கணக்கும் இருந்தது.

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குலங்கள் பற்றிய நூலிலும் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. அதில் ஒரு செய்தி படிப்பவரைத் துணுக்குற வைக்கும். கணவனை இழந்த தாய், மகன்களோடு ஒரே வீட்டில் இருந்தாலும், தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்கிறாள். மகன்களின் அடுப்பிலிருந்து கறிவேப்பிலை வாசனை வளவெங்கும் பரவ, அதே வளவின் ஒரு மூலையில் ஒருத்தி ஆழாக்கு அரிசியைக் களைந்துகொண்டிருக்கிறாள். இதைக் கேட்டதும் இரக்கம் வருவது இயல்பு. பெற்ற தாய்க்கு ஒரு கவளம் சோறு போட முடியாதா என்ற கோபமும் வரும். சொத்தையும் செலவையும் பிசகில்லாமல் பிரித்து வைக்கும் வணிகக் குடும்பத்தின் கணக்குப் புத்தி இந்த ஏற்பாட்டுக்குள் இருப்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் இரக்கத்தோடு நின்றுவிட்டால் ஒன்றைக் கவனிக்காமல் விட நேரும். மற்ற பல வீடுகளில் கைம்பெண்ணுக்கு அடுப்பின்மேல் இருந்த உரிமை எரிக்கும் உரிமை மட்டும்தான். ஊருக்கே சமைத்துவிட்டு, கடைசியில் மிஞ்சியதை, அதுவும் சில சாதிகளில் ஒரே ஒரு வேளை, சாப்பிட வேண்டியிருந்தது. இன்றைக்கு என்ன குழம்பு என்பதை அவள் தீர்மானிக்கவில்லை. இங்கே, வளவின் மூலையில் இருப்பவள் தீர்மானிக்கிறாள். புளிப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு, கத்தரிக்காயை வதக்குவதா சுடுவதா என்பதில் அவளுக்கு மேல் ஆள் இல்லை. இந்தத் தீர்மானத்தின் மதிப்பைக் குறைத்துப் பேசக்கூடாது. அதற்கு அவள் கொடுத்த விலையும் சின்னதல்ல என்பது உண்மையே.

அதே காலத்தில் அந்தக் குடும்பங்களின் ஆண்கள் பெரும்பாலும் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். ரங்கூன் மொகல் தெருவிலும் கொழும்பு செட்டியார் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் இருந்த கிட்டங்கிகள் என்ற கடைவீடுகளில், மூன்று ஆண்டுத் தவணைக்குப் போன ஏஜெண்டுகளும் அவர்களுக்கு உதவியாளரான அடுத்தாட்களும் ஒரு பெட்டகமும் ஒரு சாய்வு மேசையும் பாயுமாக வாழ்ந்தார்கள். அங்கே சமையல்காரர் ஒருவர் பொதுவாக உலை வைப்பார். எல்லோரும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். குடும்பத்தைப் பிரிந்து தனியாகப் போனவர்கள் கூட்டமாகச் சாப்பிட்டார்கள். வீட்டுக் கூட்டத்துக்குள் இருந்த பெண்கள் தனித்தனியாகச் சமைத்தார்கள். இந்த இரண்டில் எந்த அடுப்பிலிருந்து செட்டிநாட்டுச் சமையலின் நுணுக்கங்கள் பிறந்தன என்று கேட்டால் பதில் சொல்வது கடினமல்ல. கப்பலில் வந்தவை கவுனி அரிசியும் அன்னாசிப்பூவும் கிராம்பும் பட்டையும் மங்குக் கிண்ணங்களும். அவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தது பின்கட்டு. பொது உலையில் யோசனைக்கு இடம் குறைவு. ஒருவருக்கும் பிடிக்காமல் போகக்கூடாது என்பதே அங்கே விதி. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்த பிறகு அந்த உலகம் உடைந்தது. ஆனால் அதன் சாப்பாட்டு முறை அப்படியே இன்னொரு வடிவில் தொடர்கிறது. திருமயம் பக்கத்திலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஒரே அறையில் பலராகத் தங்கி, முறை வைத்துச் சமைத்து, சேர்ந்து சாப்பிடுகிறார்கள். ஊரில், அவர்களின் அம்மாக்கள் ஒற்றைத் தட்டைக் கழுவுகிறார்கள்.

அந்த அம்மாக்களின் தயக்கம் சோம்பலால் வருவதில்லை. நாற்பது ஆண்டுகள் பிறர் நாக்குக்காகச் சமைத்தவருக்குத் தன் நாக்கு அந்நியமாகிப் போயிருக்கிறது. மாமனாருக்குக் காரம் ஆகாது, கணவருக்குக் குழம்பு கெட்டியாக இருக்க வேண்டும், மூத்த மகனுக்குப் பாகற்காய் பிடிக்காது, மகளுக்கு இரத்தக்கொதிப்பு. இந்தக் குறிப்புகள் எல்லாம் மனதில் இருக்கின்றன. இத்தனை பேரின் விருப்பு வெறுப்புக்கு நடுவே எல்லோருக்கும் பொதுவான ஒரு சாம்பார் உருவாகி, அதுவே வீட்டின் ருசி என்று பெயர் பெற்றுவிடுகிறது. ஒருநாள் வீட்டில் யாரும் இல்லை. இப்போது எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப்பார்த்தால் உள்ளேயிருந்து பதிலே வருவதில்லை. எதைச் சமைப்பது என்று தோன்றாமல் நிற்பதன் அடியில் இருப்பது இந்த மௌனம்தான். சமையல் நூல்களும் காணொளிகளும் இதைத் தீர்க்க முடியாததற்கும் இதுவே காரணம். அவை எப்படிச் செய்வது என்பதைச் சொல்லும், எது வேண்டும் என்பதை அவரவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்களின் நிலை வேறு விதமாகக் கடினம். மனைவி இறந்த பின் முதன்முதலாக அடுப்பைப் பற்றவைப்பவருக்கு எது வேண்டும் என்பது தெரியும். அவள் வைத்த மாதிரியே ஒரு குழம்பு. அது ஒருபோதும் வராது. வராத ஒன்றை நாள்தோறும் துரத்தி, தோற்று, கடைசியில் பாக்கெட் மாவுக்கும் தொட்டுக்கொள்ளும் பொடிக்கும் வந்து சேர்கிறார். இருவருக்கும் வழி ஒரே இடத்தில்தான் திறக்கிறது: முன்பு இருந்த சாப்பாட்டை நகலெடுப்பதை நிறுத்தி, தன் நாக்கை முதல்முறையாக விசாரிக்கத் தொடங்கும் இடத்தில். எம். எஃப். கே. ஃபிஷர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1949-இல் எழுதிய உணவு அகரவரிசை நூல் ஒன்றில், முதல் எழுத்தையே தனியாகச் சாப்பிடுவதற்கு ஒதுக்கினார். உணவைப் பற்றி எழுதுபவர் என்பதாலேயே நண்பர்கள் அவரை விருந்துக்கு அழைக்கத் தயங்கினார்கள். அவர் தன்னைத்தானே அக்கறையோடு உபசரிக்கக் கற்றுக்கொண்டார்.

விசாரணை கைக்கு வர, அளவு கைக்கு வர வேண்டும். பழைய முகத்தலளவையில் ஐந்து செவிடு ஒரு ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. பித்தளையிலும் இரும்பிலும் வரிசையாக இருந்த அந்தப் படிகளில் ஆழாக்கு ஒற்றை ஆளின் ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும். இன்றைய அடுப்படியின் அளவுகள் குடும்பத்துக்கானவை: ஐந்து லிட்டர் குக்கர், இரண்டு லிட்டர் கிரைண்டர், அரைக் கிலோ மசாலாப் பொட்டலம். ஒற்றை ஆள் அவற்றோடு மல்லாடியே களைத்துப்போகிறார். நாலு பேருக்கான செய்முறையை நாலால் வகுத்தால் ஒருவருக்கானது கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையும் அடுப்பில் பொய்த்துப்போகும். கொஞ்சமாக வைத்த புளிக்குழம்பில், பச்சை வாசனை போவதற்குள் தண்ணீர் வற்றிவிடுகிறது. ஆகவே புளியை நீர்க்கக் கரைத்து, குறுகிய வாயுள்ள சட்டியில், தீயைத் தணித்து மூடி வைக்க வேண்டியிருக்கிறது. அகன்ற இலுப்பச்சட்டியில் ஊற்றிய ஒரு கரண்டி எண்ணெய் படலமாகப் பரவிக் கடுகைப் பொரிக்காமலே உளுந்தைக் கருக்கிவிடும். அதற்குத் தாளிப்புக் கரண்டியைச் சாய்த்துப் பிடிப்பதே வழி. ஆழாக்கு அரிசியை நேரே குக்கரில் போட்டால் அடிபிடிக்கும். குக்கருக்குள் தண்ணீர் விட்டு, சின்னப் பாத்திரத்தில் அரிசியும் அதன்மேல் ஒரு கிண்ணத்தில் பருப்பும் வைத்தால் இரண்டும் ஒரே சூட்டில் வெந்துவிடும். 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ நூலும் இப்படியான ஒரு மாற்றத்தின் விளைவுதான்; கூட்டுக் குடும்பத்தைவிட்டு வெளியூரில் குடித்தனம் போட்ட உறவுப் பெண்கள் கடிதம் எழுதிக் கைப்பக்குவம் கேட்டதிலிருந்து பிறந்தது அது. இளம் வயதிலேயே கணவரை இழந்த ஒரு பெண், பிரிந்துபோன அடுப்புகளுக்காக எழுதியது. ஒற்றை அடுப்புக்கான அப்படியொரு நூல் தமிழில் இன்னும் வர வேண்டியிருக்கிறது.

அளவு சுருங்கும்போது சில பண்டங்கள் கெட்டுப்போகின்றன, சில மேன்மை அடைகின்றன. சாம்பார், பிரியாணி, ஏழு காய்க் கூட்டு ஆகியவை கூட்டத்தின் பண்டங்கள்; காய்கள் ஒன்றின் சாற்றை ஒன்று வாங்கிக்கொள்ள அவற்றுக்கு அளவு வேண்டும். இவற்றை ஒருவருக்காகச் செய்ய முயன்று மனம் சோர்வதில் பயனில்லை. கல்யாண வீட்டுக்குப் போகும்போது சாப்பிட்டுக்கொள்ளலாம். மாறாக, வெள்ளைப் பணியாரம் ஒற்றை ஆளுக்காகவே யாரோ யோசித்தது போலிருக்கும். ஒரு உழக்கில் பச்சரிசியை நிரப்பி, அதன் தலையில் கோபுரமாக நிற்கும் அளவுக்கு உளுந்தை வைத்தால் அதுவே அளவு. தராசு வேண்டாம், கரண்டி வேண்டாம். இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் போல அரைத்து, உப்பும் துளி சர்க்கரையும் பாலும் சேர்த்தால் மாவு தயார். புளிக்க வைக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகத்தான் எண்ணெயில் ஊற்ற முடியும். எழும்பி வரும்போது மேலே எண்ணெயைத் தெளித்து, திருப்பி, நிறம் ஏறும் முன் எடுக்க வேண்டும். பத்துப் பேருக்கு இதைச் சுடுபவர் கடைசிவரை அடுப்போடு நின்று, ஆறிப்போனதைச் சாப்பிடுவார். ஒற்றை ஆள் முதல் பணியாரத்தைச் சூடாகத் தின்றுவிட்டு இரண்டாவதை ஊற்றலாம். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் பஞ்சாகவும் இருக்கும் அந்தச் சில நொடிகளின் ருசி பந்தியில் கிடைக்காது. வரமிளகாயும் பூண்டும் சின்ன வெங்காயமும் புளியும் வைத்து அரைத்த துவையல் பக்கத்தில் இருந்தால் போதும். மண்டியும் அப்படித்தான். அரிசியைக் களைந்த இரண்டாவது கழுநீரை எடுத்து வைத்து, அதில் புளியைக் கரைத்து, வதக்கிய வெண்டைக்காயும் பச்சை மிளகாயும் பூண்டும் போட்டுச் சுண்டவிட்டால் வருவது. ஆழாக்கு அரிசி களைந்த நீர் ஒரு கைப்பிடி வெண்டைக்காய்க்குக் கச்சிதமாக இருக்கும். ஊரே கீழே கொட்டும் கழுநீரைக் குழம்பாக்கும் யோசனை, அளந்து கொடுத்த அரிசியோடு வாழ்ந்த ஒரு பின்கட்டில் தோன்றியிருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஆசை எப்போதும் உள்ளேயிருந்து கிளம்புவதில்லை. பல நாள் அது வாசலில் வந்து நிற்கிறது. பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குப் போகிறவரைவிட, வந்ததைப் பார்த்து முடிவெடுப்பவருக்கு இதில் அனுகூலம் அதிகம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்திலிருந்து வண்டியில் மீன் கொண்டுவருபவரிடம் ஒரு கைப்பிடி நெத்திலி வாங்கினால் அன்றைய சமையல் தானாக முடிவாகிவிடும். கண்மாயில் நீர் வற்றி ஊர் கூடி மீன் பிடிக்கும் பருவத்தில் கெளுத்தியும் கெண்டையும் வீடு தேடி வரும். சந்தையில் கூறு கட்டி விற்கும் காய் ஒற்றை ஆளுக்கு இரண்டு நாளைக்கு ஆகும். முதல் நாள் கத்தரிக்காயைச் சுட்டுக் கோசுமல்லி, மறுநாள் மிச்சத்தைத் துண்டு போட்டு உப்பு நீரில் ஒரு கொதி விட்டு வெயிலில் வற்றல். பங்குனியில் உதிரும் வேப்பம்பூ, ஆடியில் கும்மாயம், மார்கழி தையில் பனங்கிழங்கு என்று காலமே அடுத்து என்ன என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கும். மிச்சமும் ஒரு தூண்டுதல்தான். தமிழ்நாட்டின் நியாய விலைக் கடையில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஒரு அட்டைக்கு ஒரு கிலோ பருப்பு என்பது குடும்பத்துக்குப் போதாது, ஒருவருக்கு மிஞ்சும். மிஞ்சுவதே யோசிக்க வைக்கிறது: வறுத்து அரைத்தால் துவையல், ஊறவைத்து உருட்டினால் உருண்டைக் குழம்பு, மிளகாயோடு இடித்தால் மாதம் முழுக்கப் பொடி. தேங்காய் வேறு விதமாக அவசரப்படுத்தும். உடைத்த காயில் கண் உள்ள மூடி முதலில் கெடும். அதை அன்றே சோம்போடு அரைத்துப் பாதியைப் பொரியலுக்கும் பாதியை மறுநாள் இளங்குழம்புக்கும் வைத்துக்கொண்டால், ஒரு அரைப்பில் இரண்டு நாள் இரண்டு ருசி. அதே 2011 செப்டம்பரில் அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மிக்ஸியின் சின்ன ஜார், அம்மிக்குக் குனிய முடியாதவருக்கு இந்த இரண்டாவது நாளைச் சாத்தியமாக்கியது.

தனித்திருப்பவரின் உணவைத் தமிழ் இலக்கியம் நோன்பாகப் பார்த்திருக்கிறது. பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய புறநானூற்று 246-ஆம் பாடலில், கணவனை இழந்த பெண் உண்ணக்கூடிய உணவு விவரிக்கப்படுகிறது: நெய் இல்லை, நீரில் பிழிந்தெடுத்த சோறு, வெள்ளை எள் அரைத்த துவையல், புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை. அப்படி வாழும் பெண்களில் தான் ஒருத்தி அல்ல என்று சொல்லி அவள் தீயை நாடுகிறாள். அந்தப் பாட்டின் துயரத்தின் முன் வேறு பேச்சுக்கு இடமில்லை. ஆனாலும் துன்பத்தின் அடையாளமாக அவள் வரிசைப்படுத்திய அந்தப் பண்டங்களைத் தனியே எடுத்துப் பார்க்கும்போது ஒரு சங்கடம் மனதில் தங்கிவிடுகிறது. மழை பெய்த பின் தரிசில் தானாக முளைக்கும் நல்வேளைக் கீரையின் மெல்லிய கசப்பு, புளியில் வெந்து அடங்கும். வறுத்த எள்ளின் எண்ணெய்ப் பசை, நெய் இல்லாத சோற்றுக்கு நெய்யின் வேலையைச் செய்யும். நீர்ச்சோற்றின் குளிர்ச்சியில் இரண்டும் சேரும்போது கசப்பு, புளிப்பு, கொழுப்பு, குளிர்ச்சி என்று எல்லாம் சரியாக நிற்கின்றன. இதைத் தண்டனையாக உண்பவருக்கும் விரும்பி உண்பவருக்கும் தட்டில் வேறுபாடு இல்லை. வேறுபாடு, அதை அவள் தேர்ந்தாளா, பிறர் அவளுக்கு விதித்தார்களா என்பதில் இருக்கிறது. தனியாக இருப்பவர் இன்றும் தனக்கே இப்படியொரு விதியை எழுதிக்கொள்வதுண்டு. அவர் போன பிறகு எனக்கென்ன நல்ல சாப்பாடு என்ற வாக்கியத்தில் அன்பும் இருக்கிறது, பழைய நோன்பின் பிடியும் இருக்கிறது. முன்னதை மதிக்கலாம், பின்னதற்கு இன்று எந்த வீட்டிலும் இடம் கொடுக்கக்கூடாது.

இதற்கெல்லாம் பிறகும் ஒரு ஐயம் தீராமல் நிற்கிறது. தன் நாக்கு மட்டும் போதுமா? நன்றாக வந்துவிட்ட ஒரு மண்டியை யாரிடமும் காட்ட முடியாமல் சாப்பிட்டு முடிப்பதில் ஒரு வெறுமை இருக்கவே செய்கிறது. வேறு வைக்கப்பட்ட அடுப்புகளின் காலத்தில் இதற்கு ஒரு மாற்று இருந்தது. வளவைத் தாண்டி ஒரு கிண்ணம் போகும். நெய் மணக்கும் கும்மாயமோ புதிதாகப் போட்ட மாங்காயோ, ஒரு புள்ளியின் அடுப்படியிலிருந்து இன்னொன்றுக்குப் போன கிண்ணம் வெறுமையாகத் திரும்புவதில்லை. சமைப்பது தனியாக, ருசிபார்ப்பது பலராக என்ற இந்த ஏற்பாட்டில்தான் தனி அடுப்பு தாக்குப்பிடித்தது. எதிர்க்கட்டில் இருக்கும் ஓரகத்தி என்ன சொல்வாள் என்ற சின்னப் போட்டி, நல்ல சமையலுக்கு உப்பைப் போல உதவியிருக்கும். இப்போது பல வளவுகளில் ஒரே ஒரு புள்ளிதான் மீதி; கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகளில் அதுவும் இல்லை. கடியாபட்டியில் ஒரு பெரிய வீடு தங்கும் விடுதியாகி, வெளியூர்க்காரர்களுக்கு இலையில் செட்டிநாட்டுச் சாப்பாடு பரிமாறுகிறது. அந்தச் சமையல் பிழைத்திருப்பது நல்லதுதான், ஆனால் கிண்ணத்தின் வேலையை அது செய்யாது. கிண்ணம் போக எதிர்க்கட்டு வேண்டும் என்பதில்லை. பக்கத்துத் தெருவில் இன்னொருவரும் தனியாக இருக்கிறார், அவர் ரசத்தில் கெட்டிக்காரர் என்றால் போதும். வாரத்தில் ஒருநாள் ஒரு தூக்கு இந்தப் பக்கமும் ஒரு தூக்கு அந்தப் பக்கமும் நடந்தால், மற்ற நாட்களின் சமையலிலும் அதன் தெம்பு தெரியும். இதற்கு வெட்கம் ஒன்றுதான் தடை, அதுவும் முதல் கிண்ணம்வரைதான்.

கை தளர்ந்த பிறகு நிலைமை மாறுகிறது. முழங்கால் வலி, கண்புரை, கேஸைத் திறந்தபடி மறந்துவிடும் பயம் எல்லாம் வரும்போது, மாதக் கணக்குப் பேசி மெஸ்ஸிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ அடுக்குத் தூக்கில் சாப்பாடு வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அதில் இழிவு இல்லை. கிட்டங்கியில் இருந்தவர்களும் பிறர் கைச் சோற்றைத்தான் உண்டார்கள். தூக்கில் வருவது பொது நாக்குக்கான சாப்பாடு என்பதால் சில நாட்களிலேயே அலுத்துவிடும். அந்த அலுப்பைச் சமாளிக்க ஒரு முறை உண்டு: சோறும் குழம்பும் மட்டும் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டு, தொட்டுக்கொள்வதை வீட்டில் செய்துகொள்வது. தணலில் சுட்ட அப்பளம், மோர் மிளகாய், எண்ணெயில் பொரித்த சுண்டை வற்றல், ஒரு கரண்டி எள்ளில் அரைத்த துவையல் ஆகியவற்றுக்குப் பத்து நிமிடம் போதும், உட்கார்ந்தபடியே செய்யலாம். அடுக்குத் தூக்கில் மேல்தட்டு பொரியலுக்கானது. அது வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால், மாதப் பணத்திலும் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம்.